அவரைவிதை அளவு பிசின்

தோளில் அணைத்துப் பிடிக்கும் துப்பாக்கிக் கட்டையைச் செயற்கை இழையில் செய்தால் மழைக்கு ஊறாது, வெயிலுக்குச் சுருங்காது. எங்கள் மொன்டானாவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அதை விரும்புவது அதனால்தான். ஆனால் வாங்கிய கட்டையில் துப்பாக்கியின் இரும்பு உடல் கச்சிதமாக உட்காராது. இரண்டுக்கும் நடுவே எபாக்ஸி பிசினைப் பூசி இறுகவிட்டால்தான் ஆடாமல் நிற்கும். இருபத்தாறு வருடமாக எங்கள் ஊரில் அதைச் செய்கிற ஒரே ஆள் நான்.

பிசின் பூசுமுன், அது உள்ளே ஒழுகிவிடாமலிருக்க, விசையைக் கழற்றிவிட்டு துளைகளில் களிமண் அடைக்க வேண்டும். கோரின் ஹெக்ஸ்டாட் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்த வாரம் களிமண் தீர்ந்திருந்தது. சனிக்கிழமை வேட்டைப் பருவம் தொடக்கம். கடை மூன்று தெரு தள்ளித்தான். வெளியே பனி, எனக்குச் சோம்பல். விசையைக் கழற்றாமலே பூசினேன்.

வெள்ளிக்கிழமை கோரின் போன் செய்தாள்.

"வெர்ன், சேஃப்டி ஏதோ இறுக்கமா இருக்கு. கொண்டு வரட்டுமா?"

"டேலோட பிடிவாதத்த விடவா இறுக்கம்? குளிர்ல எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கும். போம்மா, போய் மானோட வா."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். டேல் அவள் கணவன்.

சேஃப்டி என்பது விசை தவறி இயங்காமல் பிடித்துவைக்கும் பொத்தான்; அவள் துப்பாக்கியில் அதை விடுவித்தால்தான் தோட்டாவை வெளியே எடுக்க முடியும். ஞாயிறு காலை, வேலி தாண்டுமுன் தோட்டாவை எடுக்க அவள் சேஃப்டியைத் தள்ளியிருக்கிறாள். துப்பாக்கி வெடித்தது. வேலிக்கு அந்தப்புறம் இறங்கிக்கொண்டிருந்த டேல் அங்கேயே இறந்துபோனான். "என் விரல் விசையிலயே இல்ல" என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை.

ஷெரிஃபின் உதவியாளன் ரஸ் துப்பாக்கியை என்னிடமே கொண்டுவந்தான்.

"இந்த ஊர்ல இதெல்லாம் தெரிஞ்ச ஆளு நீதானப்பா. பாத்துச் சொல்லு, நான் போய் காப்பி வாங்கிட்டு வர்றேன்."

கழற்றினேன். விசைக்குள் அவரைவிதை அளவு சாம்பல் நிறப் பிசின் இறுகிக் கிடந்தது. விசையை முழுதாகத் திரும்பவிடாமல் அதுதான் தடுத்திருக்கிறது; அதனால்தான் சேஃப்டியைத் தள்ளியதுமே வெடித்திருக்கிறது. சுரண்டி எடுக்க நான்கு நிமிடம் ஆயிற்று. ரஸ் வந்ததும் சேஃப்டியை நாற்பது தடவை தள்ளிக் காட்டினேன். ஒரு தடவைகூடச் சுடும் ஊசி தானாகத் தட்டவில்லை. துப்பாக்கியில் பழுதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதிய நேரத்தில் அது உண்மை.

கோரின் எட்டு மாதம் சிறையில் இருந்தாள். டேலின் அம்மா இன்றுவரை அவள் முகத்தில் விழிப்பதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி பார்த்துச் சவரம் செய்வதையே விட்டுவிட்டேன். ஆனால் மறைக்க வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. அவள் வாய்விட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மூன்று முறை கேட்டாள். கடைசியாகப் போன ஈஸ்டரன்று, சர்ச் சாப்பாட்டுக் கூடத்தில், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"உண்மையச் சொல்லு வெர்ன். நான்தான் அமுக்குனேனா?"

"ஆமா கோரின். விடு, தெரிஞ்சா செஞ்ச?" என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.