மிஷ்மிஷின் பல்

– துண்டை ரொம்ப இறுக்காதே, உம்மு லுப்னா. மிஷ்மிஷுக்கு மூச்சு முட்டும்.

– நான் எங்கே இறுக்கறேன்? நேத்து முழுக்க ஒண்ணும் திங்காத ஹாம்ஸ்டர், கையில எடுத்தா பஞ்சா இருக்கு. நீங்க கண்ணாடியை மாட்டிட்டு ஜன்னல் பக்கம் வாங்க, டாக்டரே.

– வந்துட்டேன். எங்கே, வாயைத் திற மிஷ்மிஷ் எஃபெந்தி. ஆ... அடடா! கீழ்ப்பல் வளர்ந்து மூக்கைத் தொடுது. மேல்பல் வளைஞ்சு அண்ணத்தைக் குத்தப் போகுது.

– அதான் பிஸ்தாவைக் கவ்வுறான், கீழே போடுறான், மறுபடி கவ்வுறான். பால்ல ஊறின ரொட்டியைக்கூட நக்கிட்டு விட்டுட்டான். அப்புறம் என்னை ஒரு பார்வை பாக்கறான். நான் என்னவோ அவன் சோத்தைப் பிடுங்கிட்ட மாதிரி.

– எல்லாம் நீ கொடுத்த செல்லம். பிஸ்தாவுக்கு ஓட்டை உடைச்சு, தோலையும் உரிச்சு ஊட்டுற. கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கு ஒரு பிஸ்தா உரிச்சுக் கொடுத்திருக்கியா? பல்லு தேயட்டும்னு நான் கூண்டுல போட்ட ஆலிவ் குச்சியையும் எடுத்து வீசிட்ட.

– வயசானவன் கட்டையைக் கடிக்கணுமாக்கும்! மூணு வயசு முடிஞ்சாச்சு. மனுஷனா இருந்தா பேரன் பேத்தி எடுத்திருப்பான். செல்லம் நான் மட்டுமா கொடுத்தேன்? போன மாசம் காரணமே இல்லாம ஒரு பெட்டி கராபீஜ் இனிப்பு வாங்கிட்டு வந்து, அதோட வெள்ளை நுரையை அவன் மீசையில தடவினது யாரு?

– அது வேற விஷயம்.

– வேறயோ என்னவோ, இப்ப வெட்டுங்க.

– இப்பவா? வெளிச்சம் பத்தாதே.

– இதுக்கு மேல வெளிச்சம் வேணும்னா நம்ம ஹலப் ஊர்க் கோட்டை உச்சிக்குத்தான் போகணும்.

– சின்னப் பல்வெட்டி ஒண்ணு இருந்தது, எங்கே வெச்சேனோ...

– இதோ. கொதிக்க வெச்சு, துடைச்சுத் தயாரா இருக்கு.

– ஒரு வாய் காபி குடிச்சிட்டு...

– அபூ லுப்னா! அவன் செத்துடுவான்!

– கத்தாதே. பயப்படறான்.

– அன்னிக்கே மிருக டாக்டர்கிட்ட கொண்டு போறேன்னு சொன்னேன். விட்டீங்களா?

– ஆட்டுக்கு வயித்துப்போக்கு பாக்கறவன் என் வீட்டுப் பல்லுல கை வைக்கறதா? இந்தத் தெருவுல பாதி வாய் நான் பாத்த வாய்!

– அதோட நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. ‘என் கையைத் தவிர வேற கை இந்த வாயில பட்டா நீ தலாக்’னு சத்தியம் பண்ணிட்டீங்க. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு. கீழே காய்கறிக்காரர் தராசைத் தூக்கினபடியே நின்னுட்டார்.

– வாய் தவறி வந்துடுச்சு.

– உங்க வீட்டு ஆம்பிளைங்களுக்கு எப்பவும் அங்கேதான் தவறும். உங்கப்பா விருந்தாளியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, ‘இன்னொரு கிப்பே திங்கலைன்னா என் பெண்டாட்டி தலாக்’ம்பார். உங்கம்மா குடும்பம் நிலைக்கணுமேன்னு எத்தனை பேர் வயிறு வெடிக்கத் தின்னாங்க!

– சிரிக்காதே, துண்டு ஆடுது.

– சிரிக்கலைங்க. எனக்குப் பயமா இருக்கு. ஒரு பக்கம் இவன் பட்டினி. இன்னொரு பக்கம் உங்க சத்தியம். நீங்க வெட்டினா ரெண்டும் தீர்ந்துடும். அப்புறம் ஏன் தள்ளிப் போடறீங்க?

– என் கையைப் பாரு.

– பாக்கறேன்.

– வெட்டியைப் பிடிச்சா இப்படித்தான். பல் கிளினிக்கை எதுக்கு மூடினேன்னு நினைச்ச? முதுகுவலின்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். என் முதுகு நல்லாத்தான் இருக்கு. இந்தத் துளியூண்டு வாய்க்குள்ள இந்தக் கையை விட்டா, பல்லுக்கு முன்னாடி நாக்குதான் போகும்.

– தெரியும்.

– தெரியுமா?

– காபிக் கோப்பையை ஏன் பாதிக்கு மேல நிரப்பறதில்லைன்னு நினைச்சீங்க?

– ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

– நீங்களும்தான் சொல்லியிருக்கலாம். சரி, கேளுங்க. இவனை இடது கையால நெஞ்சோட அணைச்சுக்கங்க. வெட்டியை நான் பிடிக்கறேன். என் கை மேல உங்க வலது கையை வைங்க. நாளைக்கு யார் கேட்டாலும், வெட்டினது உங்க கைதான்.

– என் கை ஆடுமே.

– என் கை ஆடாது. நாள் தவறாம மாவு பிசையற கை. எங்கே வெட்டணும்னு மட்டும் சொல்லுங்க.

– சரி. கீழ்ப்பல்லை முதல்ல. இன்னும் கொஞ்சம் மேலே. ஈறுக்குக் கிட்டப் போகாதே. நாக்கு உள்ளே இருக்கா பாரு.

– இருக்கு. உங்க கை இப்ப ஆடலைங்க.

– பேசாதே. ஒரே அழுத்து. ம்!

– ஐயோ, தெறிச்சுடுச்சு! ரத்தமா?

– ஒரு சொட்டு இல்லை. நம்ம நக நுனி மாதிரிதான், வலிக்காது. அடுத்தது. அப்படித்தான். இப்ப மேலே ரெண்டும். கண்ணை மூடிக்கிட்டா வெட்டுற? திற!

– நீங்க மூச்சு விடுங்க முதல்ல.

– முடிஞ்சுது! அல்ஹம்துலில்லாஹ், முடிஞ்சுது. விடு அவனை. அந்த வெள்ளரித் துண்டைக் கொடு.

– இந்தா ராஜா. மோந்து பாக்கறான்... திரும்பிக்கிட்டான்... இல்லை, கவ்விட்டான்! கேக்குதாங்க? கறுக் கறுக்குன்னு!

– கேக்குது. எத்தனை நாளாச்சு இந்தச் சத்தம் கேட்டு.

– கன்னப் பையில திணிக்கறான் பாருங்க, திருட்டுப்பய. கூண்டுல இனிமே ஆலிவ் குச்சி போடறேன். சத்தியமா போடறேன். என்னங்க, அழறீங்களா?

– கண்ணாடி அழுக்கு. பரவாயில்லை, உம்மு லுப்னா. போன தடவை கோணலா வெட்டின. இந்தத் தடவை நேரா வந்திருக்கு.

– போன தடவையா?

– போன மாசம். நகவெட்டியால.

– உங்களுக்கு... தெரியுமா?

– காபிக் கோப்பை உனக்குத் தெரியும்னா, பல்லு எனக்குத் தெரியாதா?

– அவன் பட்டினி கிடந்தான். மனசு கேக்கலை. நீங்க அஸர் தொழப் போனப்ப வெட்டிட்டேன். அன்னிலேர்ந்து ராத்திரி உங்க பக்கத்துல படுக்கறப்பல்லாம், நான் உங்க பெண்டாட்டியா இல்லையான்னு நடுங்கிட்டே கிடக்கேன். பள்ளிவாசல் ஷேக்கிட்ட போய்க் கேக்கவும் வெக்கம். சொல்லிடுங்க. நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடணுமா?

– உங்க அண்ணன் வீட்டுக்கா? அவர் வயல்ல பயிரைத் திங்கற காட்டு ஹாம்ஸ்டர்களை, மிஷ்மிஷோட சொந்தக்காரங்களை, மண்வெட்டியோட துரத்திக்கிட்டிருக்கார்.

– விளையாடாதீங்க! போகணுமா, வேண்டாமா?

– உட்காரு. அன்னிக்குக் கண்ணாடியை மறந்துட்டு பாதி வழியில திரும்பி வந்தேன். கதவு லேசாத் திறந்திருந்தது. நீ நகவெட்டியும் கையுமா அழுதுக்கிட்டு, இவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருந்த. நேரா ஷேக்கிட்ட ஓடினேன். நல்லாத் திட்டினார். திட்டி முடிச்சுட்டு, ‘தலாக் ஆயிருந்தாலும் இது முதல் தடவைதான். அவளைத் திரும்பச் சேர்த்துக்கிட்டேன்னு ரெண்டு பேர் முன்னாடி சொல்லிடு, போதும்’னார். கீழே காய்கறிக்காரரும் அவர் தம்பியும் சாட்சி. தக்காளிக் கூடைக்கு நடுவுல நின்னு சொன்னேன்.

– அப்படின்னா ஒரு மாசமா நான் நடுங்கினதெல்லாம் வீணா? என்கிட்ட ஏன் சொல்லலை?

– சொன்னா, ‘நீங்களே வெட்டியிருக்கலாமே’ன்னு கேட்டிருப்ப. அப்ப என் கை ஆடறதைச் சொல்லணும். நீ இப்படி நடுங்கறேன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன், என் கண்ணே.

– யா அல்லாஹ்... இருங்க. அன்னிக்குச் சாயங்காலம்தானே அந்த கராபீஜ் பெட்டி வந்தது? என்ன விசேஷம்னு கேட்டதுக்கு ‘சும்மா’ன்னீங்க.

– நம்ம ரெண்டாவது கல்யாணத்து இனிப்பு அது. கல்யாணப் பொண்ணுகிட்டதான் சொல்லலை, ஊருக்கெல்லாம் கொடுத்துட்டேன்.