நாலு ஓரமும் பசை

அந்த டீ டம்ளரைத் தாளின் மேலிருந்து கொஞ்சம் நகர்த்தி வையுங்கள், ஐயா. வட்டக் கறை விழுந்தால் போகாது. முப்பத்தொரு வருடமாகக் காகிதத்தோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். கண் தானாக அங்கேதான் போகிறது.

நான் படங்களுக்கு பிரேம் போடுகிறவன். அதிலும் காகிதத்தில் வரைந்த பெரிய படங்கள் மட்டும். இறந்துபோனவர் என் தங்கையின் கணவர், ஓவியர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். எங்களுக்குள் பகை ஒன்றும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் ஒன்றரை வருடம் உட்கார்ந்து கரித்துண்டால் ஒரு படம் வரைந்தார். எட்டடி நீளம், ஐந்தடி உயரம், ஒரே தாள். ஓர் ஆஸ்பத்திரியில் ஜனங்கள் காத்திருக்கும் கூடம். நூற்று எழுபது முகங்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் படத்தை என்னைவிட அதிகமாக நேசித்தவர் யாரும் கிடையாது.

அவ்வளவு பெரிய தாளை அட்டையோடு ஒட்டக் கூடாது. மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய காகிதப் பட்டைகளை மாவுப் பசையால் ஒட்டி, கொடியில் துணி போடுவது போலத் தொங்கவிட வேண்டும். ஈரக் காற்றில் தாள் விரியும், காய்ந்த காற்றில் சுருங்கும். அதற்கு இடம் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் லேசாக அலையடிக்கும், அவ்வளவுதான். இதை எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மண்டபத்து மேலாளர் பட்டறைக்கு வந்தார். "என்னங்க, சுருக்கமா இருக்கே? நீங்கதான் இதுல பெரிய கைன்னு சொன்னாங்க" என்றார். அவர் படியிறங்கியதும் நாலு ஓரத்திலும் பசை தடவி ஒட்டிவிட்டேன். படம் பலகை போல நின்றது. திறப்பு விழாவில் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தவர்களைவிட எனக்குக் கொடுத்தவர்கள் அதிகம். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் ஏ.சி. காற்றில் தொங்கிவிட்டு, வாங்கியவர்கள் எடுத்துப்போகும்வரை இருக்கட்டும் என்று படம் என் பட்டறைக்கே வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே வலது ஓரத்தில், பிரேமின் விளிம்புக்குள், நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. தாள் சுருங்கப் பார்த்திருக்கிறது, பசை விடவில்லை. கிழிசலின் நுனி மட்டும் மயிரிழையாக வெளியே தெரிந்தது. கரிக்கோடுகளுக்கு நடுவே அதுவும் ஒரு கோடு. யார் கண்ணிலும் படாது என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனும் அப்படித்தானே நினைப்பான்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வந்தார்.

"மச்சான், பிரேமைக் கழட்டணும். ஒரு முகம் விட்டுப்போச்சு."

"யாரு முகம்?"

"எங்கப்பா முகந்தான். ஒரு மூலையில உக்கார வச்சிடறேன். ஒரு நாள் வேலை."

முடிந்த படத்தில் கை வைக்கக் கூடாது என்றேன். அவர் சிரித்தார். "உங்க தங்கச்சியக் கட்டிக்கொடுக்கறப்பகூட இவ்வளவு யோசிக்கலையே மச்சான்."

கழற்றினால் கண்ணாடி உடையும் என்று சொல்லி மூன்று வாரம் கடத்தினேன். கரிப் படத்துக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடும் போட முடியாது, அது கரித்துகளை இழுத்துக்கொள்ளும். அவர் என்னைக் கேட்காமலே புதுக் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டார். ஒரு காலை வண்டியில் வந்து இறங்கியது. நாற்பத்தைந்து கிலோ. என் பட்டறை மாடியில் இருக்கிறது. நாங்கள் இருவரும்தான் தூக்கினோம்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் தூக்கும் பொருளிலிருந்து கையை எடுக்குமுன் "விடவா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் "விடு" என்ற பிறகுதான் எடுக்க வேண்டும். நான் போட்ட சட்டம். கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர்கூடக் கேலி செய்வார்: "நாள் பூரா விடவா, விடுன்னே கேக்குது. நீங்க பிரேம் போடறீங்களா, பட்டம் விடறீங்களா?"

நான் மேலே, பின்னோக்கி ஏறினேன். அவர் கீழே, பாரம் முழுக்க அவர் பக்கம். பத்தாவது படியில், "இன்னிக்கே கழட்டிரலாம் மச்சான்" என்றார். நான் கையை எடுத்தேன். கேட்கவில்லை.

சத்தம் நான் நினைத்ததைவிடக் குறைவு. கீழேயிருந்து தையல்காரர் "என்னாச்சு?" என்று குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்ல, கண்ணாடி உடைஞ்சிருச்சு" என்றேன். அது பொய்யில்லை. அவருடைய மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

மாப்பிள்ளைக்குத் தொடையில் கண்ணாடி ஆழமாக வெட்டியிருந்தது. "துணி... மச்சான், துணி" என்றார், சன்னமாக. பட்டறைக் கதவு திறந்து கிடந்தது. தெருத்தூசி படத்துக்கு ஆகாது என்று போய்ச் சாத்தினேன். பிறகு சோப்புப் போட்டு நகக்கண்வரை கை கழுவி, துடைத்து, காயும்வரை நின்றேன். ஈரக் கையால் எதையும் தொடாதது தொழில் பழக்கம். அதன் பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடம் முன்னால் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். இருக்கலாம்.

அன்றைக்கு "விடவா" கேட்கவில்லை என்று தையல்காரர் உங்களிடம் சொன்னாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். "எங்கண்ணன் கேக்காம கைய எடுக்கவே மாட்டாரு" என்று உங்களோடு சண்டை போட்டவள் என் தங்கை. நேற்று அவளை என்னைப் பார்க்க விட்டீர்கள். கிழிசலைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

"அதுக்காகவா அண்ணா? அது அவருக்கு மண்டபத்துலயே தெரியும். நேரா சொன்னா நீ ஒடிஞ்சு போயிடுவன்னுதான் முகம் வரையணும்னு சாக்கு சொன்னாரு. திறந்ததும் நீயே பாத்துக்குவ, ரெண்டு பேருமா சரி பண்ணிடலாம்னாரு. அவங்கப்பா முகம் முதல்லயே படத்துல இருக்கே. கடிகாரத்துக்குக் கீழ."

அந்தப் பெரியவர் கல்யாணத்தன்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசியவர். கடிகாரம் எனக்கு நினைவிருக்கிறது. அதன் கீழே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கிழிசல் தெரிந்திருந்த மனிதர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் "விடவா?" என்று கேட்டிருப்பேன்.