தட்டிப் பார்க்க வந்தவர்

— புதுசுதான் வாங்கறோம். இதுல பேசறதுக்கு ஒண்ணும் இல்ல பாப்பா.

— யப்பா, இந்தப் பழைய சைக்கிளை இன்னும் தொட்டுக்கூடப் பாக்கல நீ. செருப்பைக் கழட்டின கையோட தீர்ப்பு சொல்ற.

— காலையில கடையில பாத்தோமே, அந்த சிவப்பு. அதுக்கு என்ன குறைச்சல்? ஃபிரேமுக்கு ஆயுசுக்கும் உத்தரவாதம்னு கடைக்காரர் எழுதியே காமிச்சார்.

— விலையையும் எழுதித்தான் காமிச்சார். அதைப் பாத்துட்டு நீ தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்ச.

— தாகம் எடுத்துச்சு, குடிச்சேன். அதெல்லாம் விடு. டைல்ஸ் வெட்டற மெஷின் மாத்தணும்னு காசு வச்சிருக்கேன்ல, அதை எடுத்துக்கலாம். பழைய மெஷின் இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்.

— அதாவது நீ பழசை வச்சு வெட்டுவ, நான் புதுசுல ஏறிப் போகணும். நல்லா இருக்கு மேஸ்திரி உங்க நியாயம். இதைத் தூக்கிப் பாரு முதல்ல.

— என்ன இது, இவ்வளவுதானா? என் சாமான் பை இதைவிட கனம்.

— கார்பன்ப்பா. அதுக்காகத்தான் அலையறேன். இப்போ இருக்கறதுல ஏத்தம் வந்தா வண்டி என்னைக் கொண்டு போகல, நான்தான் வண்டியை இழுத்துட்டுப் போறேன். போன மலைப் பந்தயத்துல எல்லாரும் வந்து சாப்பிட்டுக் கை கழுவினப்புறம் வந்தேன். நீயும் பாத்தியே.

— வந்து சேந்தல்ல. நான் கை தட்டினேன்ல.

— நீ மட்டும்தான் தட்டின. சரி, கேளு. இரும்பு அடிபட்டா வளையும், அலுமினியம் நசுங்கும், பாத்தாலே தெரிஞ்சுடும். இது அப்படி இல்ல. எங்கயாவது அடி வாங்கியிருந்தா உள்ளுக்குள்ள மட்டும் விட்டுப்போயிருக்கும், மேல பெயிண்ட் பளபளன்னு சிரிச்சிட்டிருக்கும். ஒருநாள் இறக்கத்துல வேகமா வரும்போது...

— வாயைக் கழுவு முதல்ல. இதுக்குத்தான் சொல்றேன், புதுசுன்னு.

— இதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்ங்கறேன் நான். காசால தட்டிப் பாக்கணுமாம். நல்ல இடத்துல கணீர்னு ஒரு சத்தம் வரும். உள்ள விட்டுப்போன இடத்துல அமுங்கின மாதிரி வரும். உனக்கு இது புதுசா? டைல்ஸ் அடியில காத்து நின்னுச்சுன்னா ஒரே தட்டுல சொல்ற ஆளு. ஊர்ல பாதிப் பேர் வீட்டுத் தரையைத் தட்டிப் பாத்து காசு வாங்கினவன் நீ.

— டைல்ஸ் வேற, இது வேற.

— காது ஒண்ணுதானே?

— இந்த வீட்டு சார் எங்க போனார்?

— பெடல் தனியா கழட்டி வச்சிருக்காராம், தேடிட்டு வர்றேன்னார். நீ பேச்சை மாத்தாத.

— நல்ல மனுஷன் மாதிரிதான் இருக்கார். ஆனா உள்ள வந்ததும் வராததுமா எத்தனை வருஷமா வேலை, மெஷினை எந்தப் பக்கம் பிடிப்பீங்க, காதுக்கு ஏதாவது அடைச்சுக்குவீங்களா, இதெல்லாம் கேக்கறார். வண்டி விக்கறவருக்கு அது எதுக்கு?

— பேச்சுக்குக் கேக்கறார்ப்பா. நான் வேலை பாக்கற மருந்துக்கடைப் பக்கம் பழக்கம். முட்டி தேஞ்சு போச்சுன்னு வண்டி ஓட்டறதை விட்டுட்டார். சும்மா சுவர்ல மாட்டி வச்சிருந்தார்.

— இந்த ரூமையும் பாரேன். ஜன்னல் இல்ல. சுவர் பூரா துணி ஒட்டின பலகை. கதவு என்ன இந்தக் கனம்? அவ்வளவு பெரிய வீட்டுல வண்டியை வச்சுக் காட்ட இந்த டப்பா ரூம்தான் கிடைச்சுதா?

— பாட்டு கேப்பாரா இருக்கும். வெளிச்சத்தம் உள்ள வராது, தட்டிப் பாக்க தோதா இருக்கும்னு நான்தான் இங்க வைக்கச் சொன்னேன். இந்தா காசு. தட்டு.

— ம்.

— இந்தக் குழாய்ல தட்டு. கீழ. அந்த முக்குல. பின்னாடியும்.

— தட்டிட்டேன்.

— என்ன அதுக்குள்ள? கதவு தட்டற மாதிரி நாலு தட்டு தட்டிட்டுக் காசைக் கொடுக்கற. எப்படி இருக்கு?

— நல்லாதான் இருக்கு. புதுசு வாங்கிக்கலாம்.

— இது என்ன பதில்? எங்கயாவது மாறுதா?

— மாறல.

— அப்போ இதையே வாங்கலாம்ல?

— புதுசுன்னு சொன்னா புதுசு. ஒரு விஷயத்தை எத்தனை தடவை சொல்றது பாப்பா?

— கோவிச்சுக்காத. சரி, நான் தட்டறேன், நீ சொல்லு. அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கோ. நம்ம வீட்டுல செய்வோமே. நான் எந்தக் கல்லைத் தட்டினாலும் அடுத்த ரூம்லேர்ந்து சொல்லுவ, அது அடுப்படி வாசல்ல ரெண்டாவதுன்னு. அம்மா நம்பாம வந்து எட்டிப் பாப்பா.

— நீ அப்போ இத்தனூண்டு இருப்ப.

— திரும்பிக்கோ. இது?

— நல்லா இருக்கு.

— இது?

— கணீர்னு இருக்கு.

— இது?

— அதுவும் சுத்தம்.

— இது?

— ஒரு குறையும் இல்ல. போதுமா? திரும்பட்டுமா?

— திரும்பு. இப்போ சொல்லு. நாலு இடமும் சுத்தம்னு உன் வாயால சொல்லிட்ட. இதையே வாங்கிடறேன்.

— வேணாம்மா.

— ஏன்?

— வேணாம்னா வேணாம். நீ இதுல மலையிறங்குவ.

— நல்ல வண்டின்னு நீதானே சொல்ற.

— சொல்றது வாய். உன்னை அதுல ஏத்தி அனுப்ப மனசு வரமாட்டேங்குது.

— அப்பா. கடைசி ரெண்டு தடவை நான் தட்டவே இல்ல. காசு அப்பவே பாக்கெட்டுக்குப் போயிடுச்சு. தரையையே பாக்காத.

— ஓரத்துல ஒரு கல்லு மயிரிழை ஏறி நிக்குது. மத்தபடி நல்ல வேலை.

— யப்பா.

— எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?

— ரெண்டு மாசம் ஆச்சு. தெருமுனையில நீ நடந்து போயிட்டிருந்த. பின்னாடியே வந்து மணி அடிச்சேன். ஏழெட்டுத் தடவை. வேணும்னே திரும்பாம விளையாடறேன்னு நினைச்சு சிரிச்சுட்டே வந்தேன். பக்கத்துல வந்து தோள்ல கை வச்சப்போ தூக்கிவாரிப் போட்டுச்சு உனக்கு. அப்போதான் எனக்குச் சிரிப்பு நின்னுச்சு.

— பேச்செல்லாம் கேக்குது பாப்பா. நீ பேசறது கேக்குதுல்ல? இந்த சன்னமான சத்தம்தான் ஓடி ஒளிஞ்சுக்குது. மணி, குருவி, துணி துவைக்கிற மெஷின் முடிஞ்சா கத்துமே, அது.

— அதான் ஈரத்துணி ராத்திரி பூரா உள்ளயே கிடக்குதா? அம்மா என்னடான்னா, நான் சொல்ற எதையும் இந்த மனுஷன் காதுல போட்டுக்கறதே இல்லன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டிருக்கா.

— அவகிட்ட சொல்லாத.

— ஏன்?

— அவகிட்ட சொன்னா அவ தங்கச்சிக்குத் தெரியும். அவ தங்கச்சி வீட்டுக்காரர் எனக்கு வேலை கொடுக்கற கான்ட்ராக்டர்கிட்டதான் இருக்கார்னு உனக்கே தெரியும். காது கேக்காதவன் ஒட்டின தரையில யார் நடப்பா? போன மாசம் ஒரு ஹால் முடிச்சுட்டு, எல்லாம் தட்டியாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மறுநாள் என் கூட்டாளி தனியா போய் பதினோரு கல்லைப் பேத்து மறுபடி ஒட்டியிருக்கார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவர் சட்டைக் கையில சிமெண்டைப் பாத்து நானா தெரிஞ்சுக்கிட்டேன்.

— அவர்கிட்டயும் நீ கேக்கல.

— என்னன்னு கேக்கறது? அதுலேர்ந்து கையை வச்சுப் பாக்கறேன். ஒரு கையால தட்டி இன்னொரு கையைப் பதிச்சு வச்சா உள்ள காலியா இருந்தா ஒரு நடுக்கம் வரும். நேரம் ஆகும், அவ்வளவுதான். தரை விஷயத்துல சமாளிச்சுடலாம் பாப்பா. ஒரு கல்லு போனா வேற கல்லு. உன் விஷயத்துல எப்படி சமாளிப்பேன் சொல்லு. தெரியலைன்னு சொல்லவும் வாய் வரல. நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டு வாசல்ல நின்னுட்டிருக்கவும் முடியாது. அதான் புதுசு, புதுசுன்னு.

— சீ, அழாத. நீ அழுதா நான் என்ன பண்றது?

— யார் அழறா? இந்த ரூம்ல காத்தே இல்ல.

— சரி, காத்து இல்ல. கையால பாப்பேன்னியே, இதைப் பாரு. நான் நிஜமா தட்டறேன், சத்தியமா.

— கொடு. மெதுவா, ஒரே மாதிரி தட்டணும். கீழேர்ந்து வா. ம். ம். இன்னும் கொஞ்சம் தள்ளி. ம். நிறுத்து.

— என்ன?

— மறுபடி அங்கயே. இன்னொரு தடவை. பெடல் சுத்தற இடத்துக்கு நாலு விரல் மேல. இங்க மாறுது பாப்பா.

— காலியாவா?

— காலி இல்ல. இங்க அடர்த்தி ஜாஸ்தி. யாரோ உள்ள கை வச்சிருக்காங்க. பூசி, தேச்சு, மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. என்ன முழிக்கற?

— பெயிண்டைப் பாத்து யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னாங்களே.

— யாரு?

— ஸ்கேன் எடுத்தவங்க. அந்த இடத்துலதான் ஆறு வருஷத்துக்கு முன்னாடி விரிசல் விட்டுச்சாம், சார் ஆள் வச்சு சரி பண்ணியிருக்கார். முதல் நாளே மறைக்காம சொல்லிட்டார். போன வாரம் நான் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தேன். வண்டியில வேற எங்கயும் கோளாறு இல்ல, சரி பண்ணின இடம்தான் எல்லாத்தையும்விட பலமா இருக்குன்னு எழுதியே கொடுத்துட்டாங்க. நீ விரலால சொல்லிட்ட மேஸ்திரி.

— பண்ணினவன் வேலை தெரிஞ்சவன். மேடு பள்ளமே தெரியல பாரு. இவ்வளவு பொறுமையா ஒருத்தன் உக்காந்து தேச்சிருக்கான்னா அதை நம்பலாம்.

— அப்போ?

— இதையே எடுத்துக்கோ. அந்த சிவப்பு உத்தரவாதத்தோட கடையிலயே இருக்கட்டும்.

— நிஜமாவா? மனசு ஒப்புதா?

— என் கைக்குத் தெரிஞ்சாச்சு, இனிமே ஒப்பும். மலையில மட்டும் பிரேக்கை... இரு. இரு பாப்பா. போன வாரமே ஸ்கேன் எடுத்தாச்சா?

— ம்.

— விரிசல் விட்டது, ஒட்டினது எல்லாம் உனக்குத் தெரியும்.

— ம்.

— அப்புறம் என்னை எதுக்கு இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்த?

— உள்ள வரலாமா? நீங்க பேசி முடிக்கட்டும்னு வெளியவே நின்னுட்டேன்.

— வாங்க சார், வாங்க. வண்டி பிடிச்சிருக்கு, எடுத்துக்கறோம். பெடல் கிடைச்சுதா?

— பெடல் எங்கயும் போகல சார், மேசை மேலதான் இருக்கு. வண்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாத்திடும்மா. நீங்க இந்த நாற்காலியில உக்காருங்க. இந்த ஹெட்ஃபோனை மாட்டிக்கோங்க, சிவப்பு வலது காதுக்கு. சத்தம் கேட்டா கையைத் தூக்கினா போதும். கேக்கலைன்னா சும்மா இருங்க, இங்க யாரும் மார்க் போடறதில்ல.

— பாப்பா, யாரு இவர்?

— காது டாக்டர்ப்பா. இது அவர் கிளினிக்கோட பின்பக்கம், இன்னைக்கு உனக்காகத்தான் திறந்தார். நீ மணிக்குத் திரும்பாத அன்னைக்கே, கடைக்கு வந்த மருந்துச்சீட்டுல இவர் பேரைப் பாத்துட்டு ஓடி வந்தேன். அப்பாவைக் கூட்டிட்டு வாங்கன்னார். அவர் காதுக்குன்னா வாசப்படிகூடத் தாண்டமாட்டார்னேன். உக்காந்து என்ன பண்றதுன்னு யோசிச்சப்போதான் சுவர்ல இந்த வண்டி மாட்டியிருந்ததைப் பாத்தேன். டாக்டர், எனக்கு ஒண்ணு வாங்கணும்னு சொன்னா எங்க அப்பா எங்க கூப்பிட்டாலும் வருவார்னு சொன்னேன்.