கொம்புக்குத் தங்கம்

வெண்ணெய் க்ரீம் மதுரை வெயிலில் நிற்காது, மேடம். அதனால் சித்திரை மாதத்தில் கேக் ஆர்டர் எடுப்பவர்களுக்கு ஏசி அறை வேண்டும். எங்கள் வீட்டில் படுக்கையறையில்தான் ஏசி. கோடை முழுக்க என் கணவர் சாய்ராம் ஹாலில் படுப்பார், கேக் உள்ளே படுக்கும். தொழில் என்றால் குடும்பம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

தண்ணீர் வேண்டாம். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கேட்டரிங் கல்லூரிப் பக்கம் போனதில்லை. படித்தது பி.காம். கேக் அலங்காரம் முழுக்க யூடியூபில் பார்த்துப் பழகியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியே சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. வெள்ளைக் கோட்டு தைத்து, நெஞ்சில் ‘செஃப் பிருந்தா’ என்று பூத்தையல் போட்டுக்கொண்டேன். ஆனையூர் வீட்டு வாசலில் ‘பிருந்தா இன்டர்நேஷனல் கேக் அகாடமி’ என்று போர்டு வைத்தேன். இன்டர்நேஷனல் எதற்கு என்றால், சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் ஒருமுறை வகுப்பை வீடியோ காலில் பார்த்தாள். சான்றிதழைக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் மூலையில் ஒரு பிள்ளையாரைப் போட்டுவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நாகஜோதி அலங்காநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். விவசாயக் குடும்பம். மற்றவர்கள் எல்லோரும் என்னை ‘செஃப்’ என்று கூப்பிட, இவள் மட்டும் ‘அக்கா’. திருத்தினேன்.

“சரிக்கா, இனிமே செஃப்னே கூப்புடுறேங்க்கா” என்றாள்.

கை மட்டும் அவளுக்கு நன்றாக ஓடியது. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பொறாமைக்காரி உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாளா? க்ரீம் பையை அழுத்துகிற விதம், பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடிக்கிற விதம் எல்லாம் ஒளிக்காமல் காட்டினேன். பதிலுக்கு நான் எல்லா மாணவிகளிடமும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். யார் கேட்டாலும் என் அகாடமி பெயரைச் சொல்ல வேண்டும்.

வகுப்பு முடிந்து கொஞ்ச நாளில் அவள் ஒரு வீடியோ போட்டாள். ஜல்லிக்கட்டுக் காளை உருவத்தில் கேக். திமில் எல்லாம் அசலாக இருந்தது. ஊரே அதைப் பகிர்ந்தது. வீடியோவில் யாரோ, “எங்கத்தா இம்புட்டும் படிச்ச?” என்று கேட்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: “ஆனையூர்ல ஒரு அக்காகிட்ட. மிச்சமெல்லாம் போன்ல பாத்ததுதான்.”

ஒரு அக்கா.

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பெயரை வெட்டியிருப்பார்களோ என்று. வெட்டவில்லை. அந்த வாரம் வகுப்பில் சேர விசாரிக்க வந்த ஒருத்தி, என் போர்டுக்குக் கீழேயே நின்றுகொண்டு, காளை கேக் போடுகிறவரின் நம்பர் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டாள். கொடுத்தேன். மரியாதை தெரியாதவள் இல்லை நான்.

அப்புறம்தான் அவளுக்கு அந்த ஆர்டர் வந்தது. அவள் ஊர்க்காரர் ஜெயபாண்டியின் மகள் ஆர்த்திகாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் தங்கப்பாண்டி சீர் கொண்டுவருகிறார். இப்போதெல்லாம் சீர்வரிசையில் பழத்தட்டுக்கும் பட்டுப்பாவாடைக்கும் நடுவே மேளத்தோடு கேக்கும் வருகிறது. காது குத்தியதும், மடியில் அழுகிற பிள்ளைக்கு மாமன்தான் கேக்கை முதல் வாய் ஊட்ட வேண்டும். சம்பிரதாயம் புதுசு, கண்டிப்பு பழசு.

நாகஜோதி என்னிடமே வந்து நின்றாள். “அக்கா, கொம்பு ரெண்டும் தங்கமா மின்னணும்னு மாமன்காரரு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. என்ன பூசுறதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

மறுநாள் வரச் சொன்னேன்.

அலமாரி மேல்தட்டில் ஒரு டப்பா இருந்தது. சிலைகளுக்கும் படச் சட்டங்களுக்கும் பூசுகிற உலோகத் தூள். தொழிலுக்கு வந்த புதிதில் தெரியாமல் வாங்கியது. வாயில் படக்கூடாது என்று லேபிளில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு ஒதுக்கி வைத்தேன். என் கேக் எதிலும் அதைத் தொட்டுக்கூட வைத்ததில்லை. சுத்தம் விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

லேபிளை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினேன். டப்பாவுக்குக் குங்குமம் வைத்து, வெற்றிலைத் தட்டில் எடுத்துக் கொடுத்தேன். பெரிய ஹோட்டல்களில் இதைத்தான் பூசுகிறார்கள், நான் யாருக்கும் கொடுத்ததில்லை என்றேன். பிந்தையது உண்மை. அவள் காலில் விழுந்து வாங்கிக்கொண்டாள்.

நாலு பேருக்கு வயிறு கலங்கும், முறையாகப் படித்தவளிடம் வாங்கியிருக்கலாமே என்று ஊர் பேசும் என்று நினைத்தேன். ஒரு பாடமாக இருக்கட்டும் என்றுதான்.

விசேஷத்துக்கு என்னையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். தங்கப்பாண்டி திமிலில் கத்தி வைக்கப் போனார். பிள்ளை கொம்பைக் காட்டி அழுதது. முழுக் கொம்பையும் ஒடித்து ஊட்டினார். கன்னமெல்லாம் தங்கம். நாகஜோதி கூட்டத்துக்கு நடுவே என் முகத்தைப் பார்த்தாள், நன்றாக வந்திருக்கிறதா என்கிற மாதிரி. தலையசைத்தேன். தடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. மேளச் சத்தம் பலமாக இருந்தது.

அழுதுகொண்டே தின்றதில் தூள் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டதாம். பிள்ளை இன்னும் மூச்சு இயந்திரத்தில்தான் இருக்கிறது. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாகஜோதி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். என்னைப் பார்த்ததும் ஓரமாகக் கூட்டிப்போனாள்.

“அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க. டப்பா மாறியிருக்கும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. அன்னைக்கு வீடியோவுலயும் உங்க பேர வேணும்னேதான் விட்டேன். படிக்காம கிளாஸ் நடத்துறாங்கன்னு எவனாச்சும் வம்பு இழுப்பான்னு. இதுலயும் உங்க பேரு வராது. பொடிய நானே கடையில வாங்குனேன்னு போலீஸ்ல சொல்லிட்டேன்.”

வேறு யாராவது இருந்தால் உருகிப்போயிருப்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வீடியோவில் விட்டாள், போகட்டும். இங்கேயுமா? இன்று காலைப் பேப்பரில், ‘போனில் பார்த்துக் கேக் கற்ற பெண் கைது’ என்று அவள் பெயரும் படமும். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. சொல்லிக்கொடுத்தவளை இப்படி ஒரேயடியாக அழிப்பது எந்த ஊர் நியாயம்?

அதனால்தான் நானே ஸ்டேஷனுக்குக் கிளம்பி வந்தேன். அந்தப் பிள்ளை பிழைக்கட்டும், அது டாக்டர்கள் பாடு. பொடியைக் கொடுத்தது நான். என்ன பொடி என்று தெரிந்தே கொடுத்தேன். கொம்பில் ஒரு திட்டு இல்லாமல் பூசியிருந்தாளே, அதுவும் என்னிடம் கற்றதுதான். அதையும் சேர்த்து எழுதுங்கள், மேடம்.