வியாழக்கிழமை மட்டும் வேண்டாம்

– வியாழக்கிழமை மட்டும் எனக்கு வேண்டாம்மா. என்னைக் கணக்குல சேக்காதே.

– இப்பத்தான் மாமா எழுதினேன், மை கூட காயலை. அன்னிக்கு முட்டையும் உருளைக்கிழங்கும். உங்களுக்குப் பிடிச்சதாச்சே?

– பிடிக்கும். ஆனா வேண்டாம். நீ கியரை மாத்து, வெள்ளிக்கிழமைக்குப் போ.

– பஸ் ஓட்டறதுலேர்ந்து நீங்க ரிட்டையர் ஆனாலும் இந்தப் பேச்சு ரிட்டையர் ஆகலை. நான் பல் ஆஸ்பத்திரியில நாள் பூரா நின்னுட்டு வந்து, இன்னிக்கு என்ன சமைக்கறதுன்னு அடுப்பு முன்னால முழிக்கக் கூடாதுன்னுதானே, ஞாயித்துக்கிழமையானா உங்களையும் உக்கார வெச்சு வாரம் பூரா திட்டம் போடறேன்?

– திட்டத்தை நான் குறை சொல்வேனா? இன்னிக்குக் காய் நறுக்கி டப்பாவுல போட்டா திங்கள், செவ்வாய் தானா ஓடிடுது. புதன்கிழமை பெரிய பானையில சூப். வெள்ளிக்கிழமை உன் புருஷன் முறை, ரொட்டியைக் கருக்குவான்.

– அவரு உங்க பையனும்தான். கருக்கினா மட்டும் என் புருஷனா?

– கருகின ரொட்டிக்கு நான் பொறுப்பில்லை.

– பேச்சை மாத்தாதீங்க. போன வியாழக்கிழமையும் வேண்டாம்னீங்க, அதுக்கு முந்தின வாரமும் வேண்டாம்னீங்க. என் சமையல் அலுத்துப்போச்சா?

– ஐயோ, அதெல்லாம் இல்லம்மா!

– பின்ன? உடம்புக்கு ஏதாவதா? எங்ககிட்ட மறைக்கறீங்களா?

– எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்.

– அப்போ வாயைத் தொறங்க. வாயைத் தொறக்க வைக்கிறதுதான் மாமா என் வேலையே. எவ்வளவு பெரிய ஆளும் அந்த நாற்காலியில சாஞ்சா தொறந்துதான் ஆகணும்.

– ஒருத்தங்க வீட்டுல சாப்பிடறேன்.

– ஒருத்தங்களா? ஏன் மாமா முகம் தக்காளி மாதிரி ஆகுது? பொம்பளையா?

– மெதுவா பேசு! உன் புருஷன் ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து இப்பத்தான் படுத்திருக்கான்.

– சொல்லுங்க, சொல்லுங்க.

– உன் மாமியார் போய் ஆறு வருஷமாச்சும்மா. நான் யாரையும் தேடிப் போகலை. தானா அமைஞ்சுது.

– அதுல என்ன தப்பு? எனக்குக் கேக்கவே குளுகுளுன்னு இருக்கு. நல்லா சமைப்பாங்களா?

– உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். ஆனா அந்தப் பேச்சு இருக்கே, கேட்டுக்கிட்டே வெங்காயம் உரிச்சா கண்ணு கூட எரியாது. போன வாரம் கேட்டுட்டேன், சேந்தே இருந்துடலாமான்னு.

– கேட்டுட்டீங்களா! என்ன சொன்னாங்க?

– சரின்னாங்க. ஆனா முதல்ல உன்கிட்ட சொல்லணுமாம். நீ மனசார சரின்னாத்தான் மத்ததெல்லாமாம்.

– என்கிட்டயா? அவங்களுக்கு என்னைத் தெரியுமா?

– இதோ பாரும்மா, கோவிச்சுக்கக் கூடாது. இதை ஆரம்பிச்சு வெச்சதே நீதான்.

– நானா!

– புதன்கிழமை மிச்சமாகற சூப்பை, வீணாப்போக வேண்டாம், மறுநாள் குடுத்துட்டு வந்துடுங்க மாமான்னு யாருக்குக் குடுத்தனுப்புற?

– எங்கம்மாவுக்கு. ஐயோ... எங்கம்மாவா?

– அழறியா, சிரிக்கறியா? ஏதாவது சொல்லும்மா.

– சிரிக்கறேன் மாமா! கண்ணுல தண்ணி அதுபாட்டுக்கு வருது. அப்பா போனதுலேர்ந்து வாடிக் கிடந்த அம்மா, கொஞ்ச நாளா போன்ல ஒரே பாட்டும் கூத்துமா இருக்காங்க. புது மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு நான் டாக்டருக்கு நன்றி சொல்லிட்டு வந்திருக்கேன்!

– அப்போ உனக்குச் சம்மதமா?

– நூறு தடவை சம்மதம். அம்மாவை இங்கேயே கூட்டிட்டு வந்துடுங்க. இனிமே எல்லா நாளும் ஒரு தட்டு கூடப் போட்டுடறேன்.

– அப்பாடா, உயிர் வந்துச்சு! இனி அவன்கிட்ட சொல்றதுதான் பாக்கி.

– அதை என்கிட்ட விடுங்க. ஆனா மாமா, நீங்க எங்கம்மாவைக் கட்டிக்கிட்டா, உள்ள தூங்கற மனுஷன் எனக்கு அண்ணன் முறை ஆயிடுவாரே!