பொழுது சாயாத பிளேன்

"அவனுக்கு இன்னைக்குப் பொழுதே சாயாது லாத்தா."

அம்பகரத்தூர் பஸ்ஸில் முன் சீட்டுத் தங்கச்சி இப்படிச் சொன்னதும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன். பக்கத்தில் அவளுடைய அக்கா. அக்கா மகன் நோன்போடு சென்னையில் பிளேன் ஏறி, பாரிஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

"என்னடி உளர்ற?"

"பிளேனும் மேக்கால போவுது, சூரியனும் மேக்கால போவுது. பத்து மணி நேரம் பறந்து எறங்குனாலும் அங்க வெயிலுதான்."

"அப்ப நோம்பு?"

"அங்க பொழுது சாஞ்சு மஹ்ரிபு ஆனாத்தான் தொறக்கணும். நமக்கு ராத்திரி பத்தரைக்கு மேல ஆயிரும்."

"பயணத்துல விட்டுக்கலாம்டான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். அவன் வாப்பா மாதிரியே வீம்பு! விடியுமுன்ன சஹருக்கும் ரெண்டு வாய்தான் தின்னான். இப்ப எங்க போறான், பாரு."

தங்கச்சி போனில் பிளேன் போகும் மேப்பைத் தேய்த்தாள். "கருங்கடலாம்."

"இப்பத்தானடி அதச் சொன்ன! நவுரவே மாட்டேங்குது."

"ஆமா, நம்ம பஸ் மாதிரி ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிக்கிது. சும்மா இரு லாத்தா."

தலத்தெரு தாண்டும்போது பாங்கு கேட்டது. தங்கச்சி பேரீச்சம்பழத்தை நீட்டினாள். அக்கா வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"தொற லாத்தா. தாமதிக்கக் கூடாது."

அக்கா வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"அவன் கைல குடுக்காம நான் தொறந்ததே இல்லடி," என்றாள். "இப்ப எங்க போறான், பாரு."