மூட்டைப்பூச்சி இல்லாத மெத்தை

அக்கா, இங்க குளிர் கொறஞ்சிருக்கு. நான் நேரத்துக்குச் சாப்பிடறேன், அம்மாவ கவலைப்பட வேணாம்னு சொல்லு. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே பேசறேன், போனே எழுதிக்குது. நாளைக்கு உன் கொழுந்தன் அங்க வந்து எறங்குவான். அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி விஷயத்த நீ என் வாயால கேட்டுடணும்.

ரெண்டு பேரும் ஒரே மக்கள் தொடர்பு ஆபீஸ்தானே. அவன் இன்டர்நெட்ல பதிவு போடற டீம். நான் பழைய டீம். டீம்னா நான் ஒருத்தன்தான். பத்திரிகைக்காரங்களுக்குப் போன் போடணும், நேர்ல போய் உக்காந்து பேசணும், யார் வீட்ல யாருக்கு ஒடம்பு சரியில்லன்னு ஞாபகம் வச்சு விசாரிக்கணும். ஒருநாள் மேனேஜரம்மா கூப்பிட்டு, "இந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குப்பா வேணும்? உன் வேலை தேவைதானான்னு யோசிக்கிறேன்"னாங்க. நியாயமான கேள்வி. வேலை போனா விசாவும் போயிடும். அதனால பதில நானே ஏற்பாடு பண்ணினேன்.

எங்க கஸ்டமர் ஒரு மெத்தைக் கடைக்காரர். தங்கமான மனுஷன். அவர் மெத்தையில மூட்டைப்பூச்சின்னு பொய்ப் பேர்ல ஒரு பதிவு போட்டேன். ஒண்ணே ஒண்ணு. படம்கூட வைக்கல. படம் வச்சது உன் கொழுந்தன். பூச்சிய பூசணிக்கா சைஸுக்குப் பெருசாக்கி, "எங்க மெத்தையில இது இல்லவே இல்லை"ன்னு போட்டான். கேட்டவன் கேக்காதவன் எல்லாருக்கும் அதையே அனுப்பினான். பார்த்தவன்லாம் சொறிய ஆரம்பிச்சான். கடைக்காரர் சம்சாரமே சோபாவுல போய்ப் படுத்துக்கிட்டாங்களாம்.

"மச்சான், பதில் போடப் போட பரவுதுடா. என்னடா பண்றது?"ன்னு என்கிட்டதான் வந்து கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் போட்டுப் பாரு மச்சான்"னேன்.

அப்புறம்தான் நான் கிளம்பினேன். தெரிஞ்ச நிருபரம்மா ஒருத்தங்கள கடைக்குக் கூட்டிட்டுப் போய், "உங்களுக்குப் பிடிச்ச மெத்தையா பார்த்து நீங்களே கிழிங்க"ன்னேன். கிழிச்சாங்க. பஞ்சுதான் இருந்துச்சு. நாள் முழுக்க செய்திக்கு அலைஞ்ச அசதி அவங்களுக்கு, பக்கத்து மெத்தையில சாஞ்சவங்க அப்படியே தூங்கிட்டாங்க. மறுநாள் பேப்பர்ல அதான் செய்தி. கடையில கூட்டம் தாங்கல. மேனேஜரம்மா என் நாற்காலிய ஜன்னலோரம் போடச் சொன்னாங்க. உன் கொழுந்தன் நாற்காலிய எடுத்துடச் சொன்னாங்க.

அவனுக்குப் பெட்டி கட்டினதே நான்தான். ஏர்போர்ட்ல, "நீ மட்டும் இல்லன்னா நான் ஒடஞ்சு போயிருப்பேன் மச்சான்"னு கட்டிப் பிடிச்சு அழுதான். எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

குடும்பக் குரூப்ல, சொந்த விருப்பத்துல வேலைய விட்டுட்டு வர்றான்னு போட்டுட்டேன். அந்த மொத பதிவு போட்டது நான்தான்ங்கற உண்மைய அவன்கிட்ட நீ சொல்லு. சாப்பிட்டு முடிக்கட்டும், பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லு. இதெல்லாம் போன்ல சொல்ற விஷயமில்ல.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடுக்கா. நான் அவனுக்கு ஒரு கெடுதலும் பண்ணல. பண்ணினதெல்லாம் அந்த மூட்டைப்பூச்சிதான்.